இரண்டு தட்டு

பதினோரு வருடம் நீதிமன்றத்தில்
காது கேளாதவர்களுக்குக் கைமொழி பெயர்த்தவள் நான்.
கூண்டு என்றால் எனக்கு இடுப்பளவு மரச்சட்டம்,
உள்ளே பொய்யோ மெய்யோ ஒரு ஆள்.
குரிச்சிபாவில், போகெய்ரோன் பேட்டையில்,
எட்டு மூலைக் கம்பிவலை முன்னால்
ஒடாயிர் என்னைக் கொண்டுபோய் நிறுத்தி
இதுவும் அதுதான் என்றான்.

முதலில் சொற்கள் வேண்டியிருந்தன.
பயிற்சியாளர் கத்துவதில் பாதிக்கு
எங்கள் கைமொழியில் சைகையே இல்லை.

மல்லாந்து விழுந்து, மேலே இருப்பவனைக்
கால்களால் கட்டிக்கொண்டால்
அதற்குப் பெயர் காவலாம்.
கீழே கிடப்பவனா காவல்காரன் என்று சிரித்தேன்.
அவன் சிரிக்கவில்லை. படுத்தான்.
முழங்கால்களுக்கிடையே என்னைப் பூட்டி
நிமிரச் சொன்னான். முடியவில்லை.
சரி, காவல்தான்.

மார்பில் ஏறி உட்கார்ந்தால் மவுண்ட்:
ஒரு முஷ்டி, அதன்மேல் இரண்டு விரல் சவாரி.
காலைப் பிடிக்கப் பாய்பவன் முதுகில்
இடுப்பை இறக்கிக் கால்களைப் பின்னால் எறிவது ஸ்ப்ரால்:
உள்ளங்கை கவிழ்ந்து தொடையில் விழும்,
லாரி ஏறிய தவளை மாதிரி.
கில்லட்டின் சுலபம், பெயரே கழுத்தைக் காட்டிவிடும்.
எடை வெட்டில் கத்தி கிடையாது;
கடைசி நாளில் அவன் தண்ணீரைப்
பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தான்.

ரியர் நேக்கட் சோக்கில்தான் நான் சிக்கினேன்.
இதில் யார் நிர்வாணம்?
யாருமில்லை. துணியைப் பற்றாத பிடி.
பிடிதான் நிர்வாணம் என்று
காற்றில் இருந்த ஒரு கழுத்தைப்
பின்னாலிருந்து வளைத்துக் காட்டினான்.
பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரி
பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

கடைசியாகத் தட்டு.
சைகை யோசித்த என் கையைப் பிடித்துக்கொண்டான்.
வேண்டாம், இது ஏற்கெனவே நம் மொழி.
என் முழங்கையில் இரண்டு முறை தட்டினான்:
போதும், விடு.
உள்ளே எனக்குக் கேட்கிற சொல்
இது ஒன்றுதான்.

ஜூன் மாதத் தூறல். அரங்கு வாசலில்
அவித்த பைன் கொட்டை வாசனை.
எதிராளி வால்டெசிர், அதே அறுபத்தாறு கிலோ.
அவனுக்கு மூலையிலிருந்து ஓயாமல் கத்தினார்கள்.
இவனுக்குச் சுற்றுக்குச் சுற்று ஒரு நிமிடம்,
என் பத்து விரல்.
மணிக்குப் பதில் தோளில் நடுவரின் கை.

இரண்டாம் சுற்று முடியும் நேரம்
முதுகு கிடைத்தது. கழுத்து கிடைத்தது.
நடுவர் அந்தப் பக்கம், வலை இந்தப் பக்கம்.
வலையோரம் நான்.

வால்டெசிரின் இடது கை
ஒடாயிரின் தொடையில்
ஒன்று, இரண்டு.

உடனே விட்டுவிட்டான்.
எழுந்து கையைத் தூக்கினான்.
நடுவர் பார்க்கவில்லை. தொடரட்டும் என்றார்.
வால்டெசிர் இருமினான்,
இல்லையென்று தலையாட்டினான்,
பிறகு ஓடிவந்து அடித்தான்.

நான் பார்த்தேன்.
இந்தக் கூண்டில்
சாட்சியைக் கூப்பிடும் வழக்கமில்லை.

ஸ்ப்ளிட் டிசிஷன்.
மூன்று தீர்ப்பாளரில் இருவர் அவனுக்கு.
அதையும் நான்தான் பெயர்த்தேன்.
சேர்த்த கைகளைப் பிளந்து காட்டினேன்,
பெரிய பாதி அந்தப் பக்கம் போனது.

உடைமாற்றும் அறையில்
புருவ வீக்கத்தில் பனிக்கட்டி வைத்தபடி
ஒற்றைக் கையால் கேட்டான்:
தட்டினான்தானே?
தட்டினான்.
அப்போ நான் தப்பாகக் கேட்கவில்லை.

கதவில் அந்நேரம்
மெதுவாக, இரண்டு முறை.
கொஞ்சம் விட்டு, மறுபடி இரண்டு.
மூச்சு வாங்கும் குரல் ஒன்று
ஒடாயிர், ஒடாயிர் என்று
ஒடாயிரைக் கூப்பிட்டது.
அவன் கதவுக்கு முதுகு காட்டி
விரல்களிலிருந்து டேப்பை உரித்துக்கொண்டிருந்தான்.

காதில் விழுந்த எதையும் மறைக்கமாட்டேன் என்று
பதினோரு வருடத்துக்கு முன்
சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டவள்,
ஈரத் துண்டுகளை மடித்துப் பையில் வைத்தேன்.
ஒவ்வொன்றாக.